உச்சிக்கு விலை வைக்காத மலையேற்றம்

எங்கள் இளைஞர் குழு நிதி திரட்டுவதற்காக ஒரு மலையில் ஏறப்போகிறது என்று முடிவானதுமே, எந்த மலை, எத்தனை பேர், சட்டை என்ன நிறம் என்ற கேள்விகள் வரிசைகட்டி நின்றன. குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்தவன் என்ற முறையில் எனக்கு இருந்த கேள்வி வேறு: பாதி வழியில் திரும்ப நேர்ந்தால், வாங்கிய நன்கொடையின் கதி என்ன? நல்ல காரியம் தொடங்கும்போதே இப்படியா பேசுவது என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதி வைக்காத குழு, அடிவாரத்தைவிட்டு ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன்.

நாங்கள் நிதி சேர்த்தது, நெடுநாள் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து அழைத்துவரப்படும் குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கான ஓர் இல்லத்துக்கு. அந்த இல்லத்துக்கும் மலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டிலிருந்தபடியே, இன்ன தேவைக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தாலும் தேவை அதேதான். ஆனால் வெறுமனே கேட்டால் நகராத கை, கேட்பவர் ஏதோ ஒரு கஷ்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டால் பணப்பையைத் திறக்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த மனப்போக்கை ஆராய்ந்து, அதற்கு 'தியாகி விளைவு' என்று பெயரிட்டது. ஒரு நற்பணிக்காக நடத்தப்படும் சுகமான விருந்தில் கலந்துகொள்வதாக நினைத்துப் பார்த்தவர்களைவிட, அதே நற்பணிக்காக ஐந்து மைல் ஓடப்போவதாக நினைத்துப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். வலியும் முயற்சியும் சேரும்போது கொடை அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதில் தவறொன்றும் இல்லை. இளைஞர்கள் கஷ்டப்பட விரும்புகிறார்கள், பெரியவர்கள் அதை மதித்துப் பணம் தருகிறார்கள், ஓர் இல்லத்தின் வாடகை கட்டப்படுகிறது. சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், அந்தக் கஷ்டத்துக்கு ஓர் அளவுகோல் வைத்து, அந்த அளவுகோலின் மறுமுனையில் பணத்தைக் கட்டும்போதுதான். ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் இவ்வளவு, உச்சியைத் தொட்டால் இரட்டிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு விளம்பரத்துக்குக் கவர்ச்சியாக இருக்கும். எங்களுக்கும் ஒரு நல்ல மனிதர், எல்லோரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் மொத்தத் தொகைக்கு இணையாகத் தானும் தருவதாகச் சொன்னார். அவருடைய எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பையன் ஒருவன், முழங்கால் வலியுடன், மேகம் இறங்கிவரும் சரிவில் நின்று, நான் உட்கார்ந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்க வேண்டிய பணம் பாதியாகிவிடும் என்று கணக்குப் போடும் நிலையை அந்த வாக்குறுதி உண்டாக்கிவிடும். அவன் வாய் திறந்து வலியைச் சொல்ல மாட்டான். சொல்லாத வலிதான் மலையில் ஆளை விழுத்தாட்டுவது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் கடிதத்தில் இப்படி ஒரு பத்தியைச் சேர்த்தோம்: நீங்கள் தரும் தொகை முழுவதும், நாங்கள் எவ்வளவு உயரம் ஏறினாலும், ஏறாமலே திரும்பினாலும், இன்ன இல்லத்தைச் சென்றடையும், வானிலையையும் உறுப்பினர்களின் உடல்நிலையையும் பார்த்து எந்த இடத்திலும் திரும்பும் முடிவைக் குழுத் தலைவர் எடுப்பார், அந்த முடிவு நன்கொடையைப் பாதிக்காது. இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னவரிடம் நேரில் போய் இதை விளக்கியபோது, சற்று யோசித்துவிட்டு, உச்சி என்ற நிபந்தனையை நீக்கி ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். அவர் முதலில் சொன்னதைவிட அது குறைவு என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை இழப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இன்னொரு பாதுகாப்பாக, பணத்தின் பெரும்பகுதியை ஏறும் நாளுக்கு முன்பே வசூலித்து இல்லத்தின் கணக்கில் செலுத்திவிட்டோம். மலைமேல் நிற்பவரிடம் பேரம் பேச அப்போது எதுவும் மிச்சமிருப்பதில்லை.

திரும்பும் நேரம் என்ற ஒன்றை மலையேறுபவர்கள் எல்லோரும் அறிவார்கள். இன்ன மணிக்குள் உச்சியை அடையவில்லையென்றால், அது கண்ணெதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்ற விதி. அறிந்திருப்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு. 1996 மே 10 அன்று எவரெஸ்டில் பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியும் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. அன்றும் மறுநாளுமாக எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் உலகின் தலைசிறந்த வழிகாட்டிகளும் இருந்தார்கள். பெருந்தொகை கட்டி வந்திருப்பவர்களை வெறுங்கையுடன் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம் என்பது, அந்தச் சம்பவம் பற்றி இன்றுவரை தொடரும் விவாதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எவரெஸ்டுக்கும் இளைஞர் குழுவின் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலையின் உயரம்தான் வேறு, உச்சியின் மேல் பணத்தைக் கட்டிவைத்தால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

சிறிய மலை என்று அசட்டையாக இருப்பதற்கும் இடமில்லை. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி, ஐந்து பள்ளி மாணவர்களும் அவர்களுடன் சென்ற பயிற்சி நிலைத் தலைவி ஒருவரும் குளிரில் உறைந்து இறந்தார்கள். அந்த மேட்டுநிலம் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம்தான். ஒதுங்கலாம் என்று எண்ணியிருந்த சிறு கொட்டகையைப் பனியில் அவர்களால் சென்றடைய முடியவில்லை. இளைஞர்களை மலைக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வியைப் பிரிட்டனில் உரத்து எழுப்பிய சம்பவம் அது. குழுவுக்குப் பொறுப்பேற்கும் எவரும் அதைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் பெற்றோரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்ட வேண்டும்.

திட்டமிடலில் எங்களுக்குப் பெரிதும் உதவியது, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் வகுத்த ஓர் எளிய கணக்கு. கிடைத்தூரத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம் என்றால், நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது நல்ல பழக்கமுள்ள ஒருவர், எங்கும் நிற்காமல், நல்ல பாதையில் நடப்பதற்கான கணக்கு. காலணிக் கயிறு கட்டுவது, தண்ணீர் குடிப்பது, படம் எடுப்பது, ஒருவருக்காக எல்லோரும் காத்திருப்பது ஆகியவை அதில் இல்லை. இளைஞர் குழு என்றால் வந்த விடையோடு குறைந்தது அதில் பாதியையாவது கூட்டிக்கொள்வது நல்லது. கூட்டிய பிறகு, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக அடிவாரம் வந்து சேரும் வகையில் பின்னோக்கி எண்ணிப் பார்த்துத் திரும்பும் நேரத்தைக் குறித்தோம். அதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலைவர் மட்டும் அறிந்த நேரம் தலைவரின் பிடிவாதமாகிவிடும்; எல்லோரும் எழுதி வைத்த நேரம் எல்லோருடைய உடன்பாடாக நிற்கும்.

நடக்கும் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமானவர்கள் முன்னே போய் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். மெதுவானவர் மூச்சிரைக்க அங்கே வந்து சேரும் நொடியில், சரி கிளம்பலாம் என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வும், தேவையானவருக்குப் பட்டினியும் என்ற இந்த அநியாயம் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. மெதுவாக நடப்பவரைத் தலைவருக்கு அடுத்து இரண்டாவதாக நிறுத்தி, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் எல்லோரும் போவதும், வரிசையின் கடைசியில் நிதானமான ஒருவரை நிறுத்தி அவரைத் தாண்டி யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வதும்தான் இதற்கு மருந்து. வலுவானவர்களுக்கு இது எரிச்சலூட்டும். அவர்களுடைய பையில் கூடுதல் தண்ணீரையும் பொதுக் கயிற்றையும் முதலுதவிப் பெட்டியையும் ஏற்றினால் எரிச்சல் தானாக அடங்கும்.

உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் அடக்கமாகவே நடந்துகொண்டோம். குழுவில் சிலருக்குக் கிளிமஞ்சாரோ ஆசை இருந்தது. 5,895 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் கயிறோ கோடரியோ இல்லாமல் நடந்தே ஏறலாம் என்பதால், நிதி திரட்டும் குழுக்கள் உலகெங்கிலிருந்தும் அங்கே போகின்றன. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் பாதியாகிவிடுகிறது; மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உயர நோய் தலைகாட்டலாம். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் தங்கி உடலைப் பழக்க வேண்டும் என்பது மலை மருத்துவம் வகுத்திருக்கும் நெறி. இளமையும் உடற்கட்டும் இதற்குக் கவசமாகா. சொல்லப்போனால், விளையாட்டு வீரர்கள் விரைந்து ஏறித் தமக்குத் தாமே கேடு தேடிக்கொள்வதுண்டு. விடுமுறை குறைவு, செலவு அதிகம் என்ற காரணத்தால் குழுக்கள் சுருக்குவது முதலில் இந்தப் பழகும் நாட்களைத்தான்.

செலவு என்றதும் ஒரு பழமொழி நினைவுக்கு வருகிறது: சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். இதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் மலையேற்றத்திலிருந்து அல்ல, வானத்திலிருந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் நற்பணி நிதிக்காகப் பாராசூட்டில் குதித்தவர்களுக்கு ஏற்பட்ட காயங்களை ஐந்தாண்டுகள் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குதித்தவர்களில் 11 விழுக்காட்டினருக்குக் காயம். ஒருவர் சராசரியாகத் திரட்டிக் கொடுத்தது 30 பவுண்டு. இப்படித் திரட்டப்பட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் பொது மருத்துவமனைகள் 13.75 பவுண்டு செலவழித்திருந்தன. அந்த ஆர்வலர்கள் வீட்டில் படுத்து உறங்கியிருந்தால் சமூகத்துக்கு லாபம் என்று சொல்ல வேண்டிய கணக்கு அது.

மலையேறும் குழுக்களுக்கு இதே கணக்கு வேறு உருவில் வருகிறது. விமானக் கட்டணம், தங்குமிடம், வழிகாட்டியின் ஊதியம், வாடகைக்கு எடுத்த உடைகள் எல்லாம் நன்கொடையிலிருந்தே கழிக்கப்பட்டால், கொடுத்தவர் ஓர் இளைஞரின் சுற்றுலாவுக்குப் பணம் தந்திருக்கிறார், அவ்வளவுதான். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்பவர்களை நான் குறை கூற மாட்டேன். சொல்லாமல் செய்வது ஏமாற்று. எங்கள் குழுவில் பயணச் செலவை ஏறுபவர்களே ஏற்க வேண்டும், நன்கொடையில் ஒரு காசும் அதற்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் கையில் பணமில்லாத பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள், நியாயமான கேள்வி. அதற்காகவே எளிதில் போய்வரக்கூடிய மலையைத் தேர்ந்தெடுத்தோம். காலணியும் மழைச்சட்டையும் முதுகுப் பையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிப் பொதுவில் வைத்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியாத ஓர் உறையில் பயணச் செலவைச் சேர்த்தோம். வசூல் பணத்தை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ணுவது, கைக்கு வந்த அன்றே ரசீது எழுதுவது, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தனியே வீடுவீடாக அனுப்பாமல் இருப்பது ஆகியவை பேச்சுக்கே இடமில்லாத விதிகள்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மூன்று மலைகள் என்ற பிரிட்டனின் புகழ்பெற்ற சவாலையும் சிலர் முன்மாதிரியாகச் சொன்னார்கள். 1,345 மீட்டர் பென் நெவிஸ், 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக், 1,085 மீட்டர் ஸ்நோடன் ஆகிய மூன்றையும் ஒரு நாளுக்குள் ஏறி இறங்க வேண்டும். இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டும். உறக்கமில்லாத கண்களுடன் இரவில் இன்னொரு மலையில் ஏறுவதும், அதைவிட மோசமாக, அதே கண்களுடன் ஒருவர் வண்டி ஓட்டுவதும் எனக்கு உடன்பாடானவை அல்ல. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்திறங்கும் வண்டிகளின் சத்தத்தையும் விட்டுச் செல்லும் குப்பையையும் பற்றி அம்மலைகளின் அடிவாரத்தில் வாழ்பவர்கள் நெடுங்காலமாகக் குறைபட்டுவருகிறார்கள். ஒருவருக்கு நன்மை செய்யக் கிளம்பி இன்னொருவரின் வாசலைக் கழிப்பிடமாக்குவது என்ன நற்பணி?

பயிற்சியைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. சுமையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள், புதுக் காலணியை மலைக்கு முன்பே பல முறை அணிந்து பழக்குங்கள், இந்த இரண்டும் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எல்லோரும் ஏறுவதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள், கால்களை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன. அதனால்தான் வலி அன்றே தெரியாமல் அடுத்த ஓரிரு நாட்களில் உச்சத்தை எட்டுகிறது. கொப்புளமும் அப்படியே ஓசையில்லாமல் வருவது. குதிகாலில் ஓரிடம் சூடாக உரசுவதாகத் தோன்றும் அந்த முதல் நிமிடத்தில் நின்று, காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, சுருக்கமில்லாமல் ஒட்டுப் பட்டையை ஒட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், தோல் கழன்று காலுறையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நாங்கள் ஏறிய நாளின் காலை தெளிவாக இருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று காகிதத்தில் படித்ததை, மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில் காற்று எங்களுக்கு விளக்கிச் சொன்னது. நண்பகலுக்குப் பிறகு மேகம் முகட்டை மூடியது. மெல்லிய தூறல் பக்கவாட்டில் அடித்தது. முன்னே நடந்த பெண், ஏறத் தொடங்கியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்தியிருந்தாள். கையுறையைக் கழற்றி, பையின் கொக்கியை மாட்ட அவள் முயன்றபோது விரல்கள் கொக்கியின் மேல் நழுவின. இரண்டாம் முறையும் நழுவின. குளிர்கிறதா என்று கேட்டேன். இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கும்போது முதலில் தெரிவது இதுதான்: பேச்சு குறையும், விரல்கள் சொல்பேச்சுக் கேட்காது, கேட்டால் ஒன்றுமில்லை என்ற பதில் வரும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது தாழ்வெப்பநிலை; அதன் பிறகு அவருடைய சொல்லை நம்பி முடிவெடுக்க முடியாது. உலர்ந்த மேலாடையை அணிவித்து, இருவருக்கு நடுவே அவளை உட்காரவைத்து, இனிப்பு கொடுத்தோம். சட்டைப் பையிலிருந்த சீட்டைச் சிலர் எடுத்துப் பார்த்தார்கள். திரும்பும் நேரத்துக்கு இன்னும் இடைவெளி இருந்தது. உச்சியும் அதிக தூரமில்லை.

"அண்ணா, ரெண்டு பேர் இவளைக் கூட்டிட்டு இறங்கட்டும், மத்தவங்க போய்ட்டு வந்துடறோம். பணம் கொடுத்தவங்களுக்கு ஒரு படமாவது காட்ட வேணாமா?" என்று ஒருவன் கேட்டான்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உழைத்து வசூலித்தவன் அவன். ஆனால் மூடுபனியில் ஒரு குழுவை இரண்டாக்குவது, குளிரில் தளர்ந்தவரை அனுபவமில்லாத இருவரிடம் ஒப்படைப்பது ஆகிய இரண்டுமே செய்யக்கூடாதவை. நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு பெண், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்று அவனைக் கேட்டாள். பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை அவன்தான் மற்றவர்களைவிட நன்றாக அறிவான், செலுத்துச் சீட்டில் கையெழுத்திட்டவர்களில் அவனும் ஒருவன். சற்று நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான். எல்லோருமாக இறங்கினோம். மரங்களுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் மறுபடி பேசத் தொடங்கினாள், முதலில் வந்தது தன்னால்தான் எல்லாம் கெட்டது என்ற புலம்பல். கொக்கியை மாட்ட முடியாத விரல்களை மறைக்காமல் இருந்ததற்கு அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினோம். எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் செலுத்தப்பட்டது, எந்த உயரத்தில் எதற்காகத் திரும்பினோம் என்று மூன்றையும் பூசிமெழுகாமல் எழுதினோம். மூடுபனியில் எடுத்த, முகங்கள் சரியாகத் தெரியாத ஒரு படத்தையும் வைத்தோம். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நிபந்தனையை நீக்கிக் கொடுத்த அந்த மனிதர் மட்டும், அந்தப் பெண் நலமா என்று விசாரித்தார்.

அடுத்த முறைக்கு வேறு வடிவம் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே குன்றில் மீண்டும் மீண்டும் ஏறி, மொத்த ஏற்றத்தை எவரெஸ்டின் 8,848 மீட்டருக்குக் கொண்டுவரும் பழக்கம் மிதிவண்டி ஓட்டுபவர்களிடமும் ஓட்டக்காரர்களிடமும் இருக்கிறது. அவர்கள் தனி ஆளாகச் செய்வதை நாங்கள் குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். 200 மீட்டர் குன்று என்றால் 45 ஏற்றங்களில் கணக்கு முடிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர் ஒரு முறை ஏறட்டும், வலுவானவர் ஐந்து முறை ஏறட்டும். சக்கர நாற்காலியில் வரும் எங்கள் உறுப்பினர் அடிவாரத்தில் நேரமும் எண்ணிக்கையும் குறித்து, யார் அடுத்துப் போவது, யார் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் அந்தப் பத்தி மட்டும் மாறாது. எண்ணிக்கை முடியாமல் போனாலும் தொகை முழுவதும் போய்ச் சேரும் என்று, இந்த 8,848 மீட்டர் இலக்குக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.